வீதிக்கு வேலி மனிதரே!

 



களவும், வழிப்பறியும், பெண் பிள்ளைகளிடம் வம்பு செய்வதும் மலிந்துவிட்டன என்று பேசாத வீடு இன்று இல்லை. பேசத் தொடங்கினால் முதலில் திருடனை ஏசுகிறோம். அடுத்துப் போலீசாரைக் குறை சொல்கிறோம். கடைசியில் கியாமத்து நெருங்கிவிட்டது என்று பெருமூச்சு விட்டு எழுந்துவிடுகிறோம். நாம் எழுப்பும் சுவரைப் பற்றியும், வைக்கும் வாசலைப் பற்றியும், இடித்துத் தள்ளிய திண்ணையைப் பற்றியும் ஒருவரும் பேசுவதில்லை. குற்றத்துக்கு வழி திறப்பதிலும் அடைப்பதிலும் கட்டடத்துக்கும் பங்கு உண்டு என்பதை மார்க்கம் நமக்கு எப்போதோ கற்றுக் கொடுத்துவிட்டது. அதை நாம் மறந்ததனால் நேர்ந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் நம் தவறும் உண்டு.

ஒரு சந்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் நாம் இமாமத் செய்துகொண்டிருந்தோம். பள்ளிவாசலின் ஹவுளை ஒட்டி ஒரு சந்து. சந்தின் கடைசியில் பெண் பிள்ளைகள் மாலையில் ஓதும் மக்தப். முன்பெல்லாம் அந்தச் சந்தின் இரு மருங்கிலும் திண்ணை வைத்த வீடுகள். அஸருக்குப் பின் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் இஷா பாங்கு சொல்லும்வரை எழமாட்டார்கள். காலப்போக்கில் பிள்ளைகள் அரபு நாடுகளில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் பழைய வீடுகள் இடிபட்டன. திண்ணை போயிற்று, ஆளுயரத்துக்கு மேல் மதிலும், தகரம் அடித்த இரும்புக் கதவும் வந்தன.

மிச்சமிருந்தது பள்ளியின் பக்கம் ஒன்றுதான். ஹவுளில் ஒளூச் செய்வோர் சந்தைப் பார்க்கலாம். சந்தில் போவோர் ஹவுளைப் பார்க்கலாம். வேலையில்லாத வாலிபர்கள் சிலர் அங்கே நின்று பெண்களைப் பார்ப்பதாகப் புகார் வந்தது. ஜமாஅத் கூட்டத்தில் அந்தப் பக்கமும் எட்டடி மதில் எழுப்புவது என்று பேச்சு எழுந்தபோது, பர்தாவுக்கு அதுவே நல்லது என்று முதலில் ஆமோதித்தவர் நாமேதான். துஆ ஓதி அடிக்கல் வைத்ததும் நாமே.

மதில் எழும்பி ஓராண்டு ஆகவில்லை. ஒரு நாள் மஃரிபுக்குப் பின், பாடம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஆலிமாப் பெண்ணின் கழுத்துச் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். இழுத்த வேகத்தில் கீழே விழுந்து அந்தப் பெண்ணின் கை முறிந்துவிட்டது. அவர் அலறியது மதிலுக்கு இந்தப் பக்கம் இஷாவுக்காகக் காத்திருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்ட ஓரிருவரும் ஏதோ வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் என்று எண்ணிவிட்டனர். பத்தடி தூரத்தில் அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாள் நலம் விசாரிக்கப் போனோம். அந்தப் பெண்ணின் பாட்டியார் கதவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அசரத்து, செவரு வச்சீங்களே, யாரை மறைக்க வச்சீங்க? எங்களையா, அந்தக் களவாணியையா?”

பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்த வாரத்திலிருந்து பாதிப் பிள்ளைகள் ஓத வரவில்லை. தாய்மார்கள் அனுப்ப அஞ்சினார்கள். திருடன் கொண்டுபோனது ஒரு சங்கிலி. நம் மதில் கொண்டுபோனது அந்தப் பிள்ளைகளின் இல்மை. அதன் பிறகுதான் ஓதிய கிதாபுகளையே இந்தக் கேள்வியோடு மறுபடி புரட்டிப் பார்த்தோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

காவல் இரண்டு வகை

ஃபிக்ஹு நூல்களில் களவைப் பற்றிய பாடத்தில் ‘ஹிர்ஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. பொருள் பத்திரமாக வைக்கப்படும் காவல் என்பது அதன் கருத்து. காவலுக்குள் இருந்த பொருளை எடுத்தால்தான் அது ஷரீஅத்தின் முழுப் பொருளில் களவு ஆகும். தண்டனையைப் பற்றி நாம் இங்கே பேச வரவில்லை. அந்தச் சொல்லுக்கு இமாம்கள் தரும் விளக்கமே நமக்கு வேண்டியது. ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’ ஹிர்ஸை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, இடத்தால் வரும் காவல்: வீடு, அறை போன்றவை. மற்றொன்று, ஆளால் வரும் காவல்: திறந்த வெளியிலோ, பாதையிலோ, பள்ளிவாசலிலோ தன் பொருளின் அருகே ஒருவர் இருப்பது.

ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் தம் மேலாடையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தபோது ஒருவன் அதைத் திருடினான். அந்த வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. பூட்டும் தாழும் இல்லாத பொது இடத்தில் இருந்தபோதிலும் அதைக் காவலில் இருந்த பொருளாகவே அவர்கள் கொண்டார்கள். ஏனெனில் அங்கே ஆள் இருந்தார். அந்த ஆளே காவல்.

இந்தச் சிறிய சட்ட நுணுக்கத்துக்குள் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வீட்டைக் காப்பது சுவர். வீதியைக் காப்பது மனிதர். ஒன்றின் வேலையை மற்றொன்றால் செய்ய முடியாது. வீதியில் சுவரை எழுப்பினால் மனிதர் மறைந்துவிடுகிறார், காவலும் மறைந்துவிடுகிறது. நாம் செய்த தவறு இதுவே.

வீட்டின் மறைவு

முதலில் வீட்டைப் பார்ப்போம். உங்கள் வீடல்லாத வீடுகளில் அனுமதி பெற்று, அங்குள்ளோருக்கு ஸலாம் சொல்லாதவரை நுழையக் கூடாது என்று அல்லாஹ் திருமறையில் கட்டளையிடுகிறான் (24:27). திரும்பிப் போங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிடுவதே தூய்மையானது என்றும் அடுத்த வசனத்தில் கூறுகிறான். பொருளைத் திருடாதே என்று சொல்வதோடு நில்லாமல், வாசற்படியிலேயே மார்க்கம் நம்மை நிறுத்திவைக்கிறது.

ஒரு மனிதர் பெருமானார் (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த துவாரம் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார். அப்போது அவர்களின் கையில் தலை கோதும் இரும்புக் கோல் இருந்தது. நீ பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்று கண்டித்துவிட்டு, அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்லு இப்னு ஸஅது (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. காலடி வைப்பதற்கு முன் கண்ணே நுழைந்துவிடுகிறது. கண் நுழைந்த வீட்டில் கை நுழைய நேரம் ஆகாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேராக நிற்கமாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்றே ஸலாம் சொல்வார்கள். அக்காலத்து வீடுகளுக்குத் திரை இல்லாததே காரணம் என்று அப்துல்லாஹ் இப்னு புஸ்ரு (ரலி) அவர்களின் அறிவிப்பு அபூதாவூதில் காணப்படுகிறது. வீட்டில் திரை இல்லாத குறையை, வருபவரின் ஒழுக்கம் ஈடு செய்தது.

ஸஹாபாக்கள் புதிய ஊர்களை நிறுவியபோதும் இந்தக் கவனம் தொடர்ந்தது. மிஸ்ரு நாட்டின் ஃபுஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் மாடியறை ஒன்று கட்டினார்கள். செய்தி மதீனாவுக்கு எட்டியது. அண்டை வீட்டாரின் அந்தரங்கம் அதிலிருந்து தெரியும் என்பதால் அதை இடித்துவிடும்படி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜன்னல் வழக்குக்கு அவர்கள் வகுத்த சோதனையை மாலிக்கி மத்ஹபின் ‘முதவ்வனா’ எடுத்துச் சொல்கிறது. ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு கட்டிலைப் போட்டு அதன்மேல் ஒருவர் ஏறி நின்று பார்க்கட்டும். அடுத்த வீட்டின் உள்ளே தெரிந்தால் அந்த ஜன்னலைத் தடுக்க வேண்டும். தெரியாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் தடையில்லை; எட்டிப் பார்ப்பதற்கே தடை.

இரவானால் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவுகளை அடையுங்கள், விளக்கை அணையுங்கள், பாத்திரங்களை மூடுங்கள், அந்தி மயங்கும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்றெல்லாம் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் வந்திருக்கிறது. தாழ்ப்பாள் போடுவது தவக்குலுக்கு மாறானது என்று எண்ணும் சகோதரர்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்னார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்.

வீதியின் திறப்பு

இனி வீதிக்கு வருவோம். இங்கே மார்க்கத்தின் ஏற்பாடு முற்றிலும் வேறு.

பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை எச்சரித்தார்கள். யா ரசூலல்லாஹ், நாங்கள் கூடிப் பேசும் இடமே அதுதான், எங்களுக்கு வேறு வழியில்லை என்றனர் தோழர்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அதன் ஹக்கு என்னவென்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அபூதாவூதின் ஓர் அறிவிப்பில், துன்பத்தில் இருப்பவருக்கு உதவுவதும் வழி தெரியாதவருக்கு வழிகாட்டுவதும் சேர்ந்து வருகின்றன.

சகோதரர்களே! நம் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்த அதே புகார்தானே இது! ஆண்கள் பாதையோரம் உட்காருகிறார்கள். பெண்கள் அவ்வழியே போகவேண்டியிருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் நடுவே மதில் எழுப்பச் சொல்லவில்லை. உட்கார்ந்திருப்போரை எழுப்பி விரட்டவும் இல்லை. உட்காருங்கள், ஆனால் கண்ணைத் தாழ்த்துங்கள், தீமை நடந்தால் தடுங்கள் என்றார்கள். அதாவது, தொல்லையாக இருந்தவர்களையே காவலாக மாற்றிவிட்டார்கள். தாழ்ந்த பார்வை கெட்டதைப் பார்க்காது. ஆனால் அலறல் கேட்டால் நிமிரும். நாம் மதிலை எழுப்பினோம். அதனால் கெட்ட பார்வையும் போயிற்று, உதவிக்கு வரும் பார்வையும் போயிற்று.

பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடுங்கள் என்பதும் நபிமொழியே. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் பஸரா நகரை அமைத்தபோது பெருவீதிக்கு 60 முழமும், மற்ற வீதிகளுக்கு 20 முழமும், சந்துகளுக்கு 7 முழமும் விட்டார்கள். ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் விசாலமான வெளி ஒன்றையும் ஒதுக்கினார்கள் என்று இமாம் மாவர்தீ (ரஹ்) ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் எழுதுகிறார்கள். எதிரே வருபவரைக் காணவும், ஒதுங்கவும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரவும் இடமிருந்தது. இன்று நம்மில் சிலர் படிக்கட்டைத் தெருவில் இறக்கியும், சாய்தளத்தை நீட்டியும், மணல் ஜல்லியை மாதக்கணக்கில் கொட்டிவைத்தும் அந்த ஏழு முழத்தைத் தின்றுவிடுகிறோம். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்றால், தொல்லையைக் கொண்டுபோய் வைப்பது எதன் கிளை?

முட்டுச் சந்துகளுக்குக் கிதாபுகளில் தனிச் சட்டமே உண்டு. மறுபக்கம் வழியில்லாத சந்து அதன் வாசிகள் அனைவருக்கும் பொதுவானது. அவர்களின் சம்மதமின்றி வெளியார் அதில் புதிதாக வாசல் திறக்க முடியாது. இதனால் யார் வருகிறார், யார் போகிறார் என்பது அந்தச் சந்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கும். அந்நியன் ஒருவன் நுழைந்தால், யாரைப்பா தேடுகிறீர் என்று கேட்க ஆள் இருக்கும். அந்த ஒரு கேள்வி நூறு பூட்டுகளுக்குச் சமம். நல்லவருக்கு அது உபசாரம். கெட்டவனுக்கு அது எச்சரிக்கை.

கூஃபாவில் வைத்த கன்னம்

இதற்கெல்லாம் சிகரமாக ஒரு வரலாறு உண்டு. ஹிஜ்ரி 17ஆம் ஆண்டில் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கூஃபா நகரை நிறுவினார்கள். பள்ளிவாசல் ஓரிடம், ஆளுநர் மாளிகையும் அதிலிருந்த பைத்துல்மாலும் சற்றுத் தள்ளி வேறிடம். ஒரு நாள் இரவில் கள்வர்கள் சுவரில் கன்னம் வைத்துப் பைத்துல்மாலிலிருந்து பொருளை எடுத்துச் சென்றுவிட்டனர். ஸஅது (ரலி) அவர்கள் மதீனாவுக்கு எழுதினார்கள்.

கலீஃபாவிடமிருந்து என்ன பதில் வந்திருக்கும்? சுவரை இரட்டிப்பாகக் கட்டு என்றா? காவலரை அதிகப்படுத்து என்றா? உமர் (ரலி) அவர்கள் அப்படி எழுதவில்லை. பள்ளிவாசலை மாற்றி மாளிகைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மாளிகை அதன் கிப்லாத் திசையில் அமையட்டும். பள்ளியில் இரவும் பகலும் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களின் பொருளுக்கு அவர்களே கோட்டை என்ற கருத்தில் எழுதினார்கள். இமாம் தபரீ (ரஹ்) தம் வரலாற்றில் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

எவ்வளவு ஆழமான உத்தரவு! பைத்துல்மாலைக் காக்க ஒரு வாளும் உருவப்படவில்லை. பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ வருபவர், மூலையில் குர்ஆன் ஓதுபவர், இடமில்லாமல் பள்ளியில் படுத்திருக்கும் வழிப்போக்கர் ஆகியோரின் நடமாட்டமே காவலாயிற்று. அவர்கள் காவலுக்கென்று வரவில்லை, இபாதத்துக்கு வந்தார்கள். இடத்தைச் சரியாக அமைத்ததனால் அவர்களின் இபாதத்தே ஊருக்குக் காவலும் ஆயிற்று.

அதே கூஃபாவில் இன்னொன்றும் நடந்தது. கடைவீதியின் இரைச்சல் பொறுக்காமல் ஸஅது (ரலி) அவர்கள் மாளிகைக்கு வாயிற்கதவு அமைத்தபோது, ஆட்சியாளருக்கும் மக்களுக்கும் நடுவே அது தடையாகிறது என்று கண்ட உமர் (ரலி) அவர்கள், முஹம்மத் இப்னு மஸ்லமா (ரலி) அவர்களை அனுப்பி அந்தக் கதவை எரித்துவிடச் செய்தார்கள். ஃபுஸ்தாதில் எட்டிப் பார்க்கும் மாடியை இடிக்கச் சொன்னவரும் அவரே. கூஃபாவில் மக்களைப் பிரிக்கும் கதவை எரிக்கச் சொன்னவரும் அவரே. வீட்டு மறைவு வீட்டுக்கு. பொது வெளியின் திறப்பு பொதுவுக்கு. இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்றைய ஆய்வாளர் கண்டது

மேல்நாட்டார் இந்த உண்மையைத் தேடி வந்தது வெகு பிற்காலத்தில். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950களில் ஏழைகளுக்காகப் ‘புரூயிட்–ஐகோ’ என்ற குடியிருப்பைக் கட்டினார்கள். 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். வீடுகளின் உள்ளே ஓரளவு ஒழுங்காக இருந்தது. ஆனால் நீண்ட தாழ்வாரங்களும், மாடிப்படிகளும், மின்தூக்கிகளும் யாருக்கும் சொந்தமில்லாதவையாய்க் கிடந்தன. அங்கேதான் வழிப்பறியும் அட்டூழியமும் நடந்தன. 1972இல் அரசாங்கமே அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆஸ்கார் நியூமன் என்ற கட்டடக்கலை அறிஞர் இதை ஆராய்ந்து நூல் எழுதினார். அந்தக் குடியிருப்புக்கு எதிரிலேயே, அதேபோன்ற ஏழை மக்கள் வாழ்ந்த பழைய தாழ்வான வரிசை வீடுகள் பெரும் தொல்லையின்றி இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். வறுமையும் பராமரிப்பின்மையும் அக்குடியிருப்பின் அழிவுக்குக் காரணங்களாய் இருந்தன என்பதும் உண்மையே. ஆயினும், இது நம்முடைய இடம் என்று எண்ண ஆளில்லாத படிக்கட்டு, கெட்டவனுடைய இடமாகிவிடும் என்ற அவரது பாடத்தை மறுக்க முடியாது. 1961இலேயே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார், தெருவைக் காப்பது தெருவின் மீது இருக்கும் அக்கம்பக்கத்தாரின் கண்களே என்று எழுதிவிட்டார்.

இன்று நம் மக்களும் நகரங்களில் அடுக்குமாடி வீடுகளில் குடியேறி வருகிறார்கள். எதிர்க் கதவில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் ஆண்டுகள் கழிகின்றன. எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் ஈமான் கொண்டவர் அல்லர் என்று மும்முறை ஆணையிட்டார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். படிக்கட்டில் விளக்கு எரியவில்லை என்று தெரிந்தும், அது என் வேலையல்ல என்று தாண்டிப் போவதும் அந்த அச்சத்தில் ஒரு பங்குதான்.

காவல் வேறு, துருவுதல் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. வீதிக்குக் கண் வேண்டும் என்றவுடன், எல்லாவற்றையும் நோட்டமிடலாம் என்று எவரும் கருதிவிடக் கூடாது. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை (49:12).

உமர் (ரலி) அவர்கள் ஒரு நாள் இரவு நகர்வலம் வந்தபோது ஒரு வீட்டினுள் தகாத செயல் நடப்பதை அறிந்து சுவரேறி உள்ளே குதித்தார்கள். வீட்டுக்காரர், நான் ஒரு பாவம் செய்தேன், தாங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்றார். துருவக்கூடாது என்று அல்லாஹ் சொல்லியிருக்கத் துருவினீர்கள்; வீடுகளுக்கு வாசல் வழியே வாருங்கள் (2:189) என்றிருக்கச் சுவரேறினீர்கள்; அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள் என்று அடுக்கினார். கலீஃபா அதை ஏற்று, அவர் தவ்பாச் செய்வதாக வாக்களித்ததும் திரும்பிவிட்டார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் இதை எடுத்துரைக்கிறார்கள்.

இன்று வீட்டுக்கு வீடு கேமரா மாட்டுகிறோம். நம் வாசலையும் பொதுப் பாதையையும் அது பார்க்கட்டும்; தவறில்லை. எதிர்வீட்டு ஜன்னலையோ, பின்கட்டில் துணி உலர்த்தும் இடத்தையோ அது பார்க்குமானால், கதவுத் துவாரத்தில் கண் வைத்த அந்த மனிதரின் நிலையில்தான் நாமும் இருக்கிறோம். உமர் (ரலி) அவர்களின் கட்டில் சோதனையை நம் கேமராவுக்கும் வைத்துப் பார்க்கவேண்டும். அதில் பதிந்த அடுத்தவர் குறையைக் கைப்பேசியில் ஊரெங்கும் பரப்புவது தனிப் பெரும்பாவம். மேலும், கேமரா நடந்ததைச் சொல்லும்; விழுந்தவரைத் தூக்காது. திண்ணையில் இருந்த பெரியவர் தூக்கியிருப்பார்.

பூட்டிய அறை

மறைவு எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகாது. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் அந்தப் பெண்மணி முதலில் செய்தது கதவுகளை அடைத்ததே (12:23). யூசுஃப் (அலை) அவர்களோ கதவை நோக்கி ஓடினார்கள். அவர்களைக் காத்தது அல்லாஹ்வின் அச்சம். எனினும் அந்த அச்சம் அவர்களைச் செலுத்திய திசை வாசல்தான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருந்தால் மூன்றாமவன் ஷைத்தான் என்ற நபிமொழியும் பூட்டிய அறையைப் பற்றியதே.

ஆகவே சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வோரில் பெரும்பாலோர் அந்நியர் அல்லர். அந்தப் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்களே. உறவினர், அண்டை அயலார், பாடம் சொல்பவர் யாராகவும் இருக்கலாம். மக்தபாயினும் டியூஷனாயினும், பிள்ளைகள் படிக்கும் அறை திறந்த கதவோடும், போவோர் வருவோர் உள்ளே காணக்கூடிய ஜன்னலோடும் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தனியே மூடிய அறையில் வைத்துப் பாடம் சொல்லும் வழக்கம் எங்கும் வேண்டாம். உஸ்தாதுமார்களுக்கு இது அவமதிப்பு அல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஸஃபிய்யா (ரலி) நாயகியை இரவில் வழியனுப்ப உடன் நடந்தார்கள். வழியில் கண்ட இரு அன்ஸாரிகளிடம், இவர் ஸஃபிய்யாதான் என்று தாமே முன்வந்து சொன்னார்கள். மாசற்ற மாநபியே சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லையென்றால், நமக்குத் திறந்த கதவில் என்ன குறைவு?

நாம் செய்ய வேண்டியது

அந்தச் சந்துக்குத் திரும்புவோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பாட்டியாரின் கேள்வியை அப்படியே எடுத்து வைத்தோம். நாம் ஆமோதித்தது பிழை என்றும் ஒப்புக்கொண்டோம். சிலருக்குக் கோபம், கட்டிய பணம் வீண் என்றனர். கடைசியில் முத்தவல்லி அவர்கள் சம்மதித்து, மதிலை இடுப்பளவுக்குக் குறைத்து மேலே கம்பி அடைத்தார்கள். சந்துப் பக்கம் இரண்டு கல் பலகை போட்டு, ஒரு விளக்கும் மாட்டினார்கள். வாலிபர்களுக்குப் பாதையின் ஹக்கைப் பற்றித் தொடர்ந்து பயான் செய்தோம். பெரியவர்கள் மீண்டும் வந்து உட்காரத் தொடங்கியதும், வம்புக்கு நின்றவர்கள் தாமாகவே விலகிவிட்டனர். பிள்ளைகளில் பலர் திரும்பி வந்தார்கள், எல்லாரும் வரவில்லை. அந்த ஆலிமாப் பெண் பிறகு அங்கே பாடம் சொல்ல வரவே இல்லை. அந்தக் கணக்கு அல்லாஹ்விடத்தில் நம் பெயரில் இருக்கிறது என்றே அஞ்சுகிறோம்.

ஆகவே, வீடு கட்டும் சகோதரர்களே! அடுத்த வீட்டின் உள்ளே பார்க்கும் ஜன்னலைத் தவிருங்கள். தெருவைப் பார்க்கும் ஜன்னல் ஒன்றையாவது வையுங்கள். மதிலை உயர்த்துமுன் அது யாரை மறைக்கும் என்று கேளுங்கள். வாசலில் ஒரு விளக்கும், இயன்றால் ஒரு சிறு திண்ணையும் இருக்கட்டும். முதன்முதலில் பள்ளிவாசலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் வருகிறது. நம் வாசல் விளக்கும் அந்த நிய்யத்தில் எரியட்டும்.

பள்ளி நிர்வாகிகளே! பள்ளியின் பக்கங்களை இருட்டுச் சந்தாக விடாதீர்கள். கூஃபாவின் பள்ளி ஊரின் பொருளைக் காத்தது. நம் பள்ளி ஊரின் பிள்ளைகளையாவது காக்கட்டும். தாய்மார்களே! அந்தி நேரத்தில் பிள்ளை எந்த வழியே வருகிறது, அந்த வழியில் யார் கண் இருக்கிறது என்று நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். குறை கண்டால் ஜமாஅத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். நாம் காணாததை அந்தப் பாட்டியார்தான் கண்டார்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை மறைவும் அமைதியும் உள்ளவையாக ஆக்குவாயாக! எங்கள் வீதிகளை அச்சமற்றவையாக ஆக்குவாயாக! எங்கள் பார்வையைத் தீமையிலிருந்து தாழ்த்தி, துன்பப்படுவோர் பக்கம் திருப்புவாயாக! நல்ல எண்ணத்தோடு நாங்கள் செய்த தவறுகளையும் மன்னித்தருள்வாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!